பிரெஸ் பண்ணிய காமிக்ஸ் என்று சொல்லித்தான் விற்க வேண்டுமா?

ஹட்டனில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய தாத்தா மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டத்தில் துரை பங்களாவில் சமையல் வேலை பார்த்தவர். 1975-ல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தபோது துரை குடும்பம் இங்கிலாந்துக்குப் போய்விட்டது. பிள்ளைகள் விட்டுப்போன ஒரு தகரப் பெட்டி தாத்தாவிடம் வந்தது. அதற்குள் 1960களின் மார்வல் இதழ்கள் மூன்று. விலை சதத்தில் இல்லாமல் 9 பென்ஸ் என்று அச்சான பிரதிகள். அதில் ஒன்றைத் தம்பி டொரொன்டோவில் இருக்கும் மச்சானுக்கு அனுப்பினார். மச்சான் அங்கே ஒருவரிடம் கொடுத்து பிரெஸ் பண்ணி, அதாவது வளைவுகளைச் சூட்டில் அழுத்தித் தட்டையாக்கி, காமிக்ஸுக்குத் தரம் பார்க்கும் சிஜிசி என்ற நிறுவனத்துக்கு அனுப்பி, 6.5 என்ற தரத்தோடு ஸ்லாபில், அதாவது அவர்கள் அடைத்துத் தரும் பிளாஸ்டிக் உறையில், வாங்கிவிட்டார். லேபல் நீல நிறம். இப்போது விற்பனைக்குப் போடப் போகிறார்கள். "பிரெஸ் பண்ணினதாக எழுதாதே, விலை இறங்கிவிடும், சிஜிசியே அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை" என்கிறார் மச்சான். தம்பிக்கு மனசு ஒப்பவில்லை. எழுத வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் கேள்வி.

எழுதுங்கள் தம்பி. உங்களுக்குத் தெரிந்திருப்பதால் எழுதுங்கள். தரம் பார்க்கும் எந்த கிரேடிங் நிறுவனமும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை, அது உண்மைதான். இருந்தாலும் எழுத வேண்டும் என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன. மச்சானுக்கும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் இந்த பிரெஸ்ஸிங் என்பது என்ன வேலை என்று பார்ப்போம். நான் புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவன். இருபது வருடத்துக்கு மேலாகப் பழைய காமிக்ஸ் வாங்கி விற்கிறேன், பிரெஸ்ஸும் பண்ணுகிறேன். ஒரு புத்தகம் கையில் வந்ததும் அறை விளக்கை அணைத்துவிட்டு, டோர்ச்சை மேசையோடு மேசையாகச் சாய்த்து அட்டையின் மேல் வெளிச்சம் விடுவேன். நேர் வெளிச்சத்தில் தட்டையாகத் தெரிந்த அட்டை அப்போது மலைக்காடு மாதிரி மேடும் பள்ளமுமாகத் தெரியும். விரல் பிடித்த இடத்தில் பிறை போல ஒரு குழி, கட்டாக அடுக்கிக் கயிறு கட்டிய இடத்தில் ஒரு வரிப்பள்ளம், மூலையில் மெல்லிய மடிப்பு. மை உடையாமல் காகிதம் மட்டும் வளைந்திருந்தால் அதை எடுத்துவிடலாம். மை உடைந்து உள்ளே இருக்கும் வெள்ளைக் காகிதம் கோடாகத் தெரிந்தால் எவர் பிரெஸ் பண்ணினாலும் அந்தக் கோடு போகாது. பிரெஸ்ஸிங்கால் என்ன முடியும், என்ன முடியாது என்பது பெரும்பாலும் இந்த வித்தியாசத்தில் அடங்கிவிடும்.

வேலை மெதுவானது. முதலில் மென்மையான ரப்பராலோ பஞ்சாலோ மேல் அழுக்கைத் துடைப்பது. பிறகு மூடிய பெட்டிக்குள் ஈரப் பஞ்சு வைத்து, தண்ணீர் படாமல் ஈரக்காற்று மட்டும் படும்படி புத்தகத்தைச் சில மணி நேரம் வைத்திருப்பது. காகித நார் அந்த ஈரத்தில் இளகும். அப்புறம் ஒட்டாத சிலிக்கன் தாளுக்கு இடையில் வைத்து, ஸ்டேப்பிள் பக்கத்துத் தாளில் பதிந்துவிடாமல் நடுப்பக்கத்திலும் அட்டைக்குப் பின்னாலும் மட்டை கொடுத்து, சூடான பிரெஸ்ஸில் அழுத்துவது. நான் 70 பாகை செல்சியஸைச் சுற்றித்தான் வைப்பேன். சூடு சில நிமிடம்தான். அதற்குப் பிறகு அழுத்தத்திலேயே ஆறவிட வேண்டும், குறைந்தது ஒரு இரவு. அவசரப்பட்டு எடுத்தால் எல்லாம் வீண். ஈரமும் சூடும் கூடிவிட்டால் அட்டை சற்றுச் சுருங்கி, உள்பக்கங்கள் விளிம்புக்கு வெளியே எட்டிப் பார்க்கும். ஸ்டேப்பிளைச் சுற்றி அட்டை கிழியும். முதுகு நசுங்கி, இதழுக்கு இயல்பாக இருக்கும் அந்த மெல்லிய உருண்டை போய்விடும். நல்ல கையில் நடந்த வேலையை மட்டும் எவராலும் கண்டுபிடிக்க முடியாது. இப்போது கேட்ட கேள்வி எழுந்ததே அதனால்தான்.

சிஜிசி 2000-ல் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம். 0.5-லிருந்து 10 வரை ஒரு எண் கொடுத்து, பிளாஸ்டிக் உறையில் அடைத்து அனுப்புவார்கள். சாதாரணப் புத்தகத்துக்கு நீல லேபல். வண்ணம் தொட்டது, துண்டு ஒட்டியது, விளிம்பு வெட்டியது போன்ற வேலைகள் நடந்திருந்தால் ஊதா லேபல். ஊதா லேபலைப் பார்த்தாலே பல சேகரிப்பாளர்கள் விலையைப் பாதிக்கும் கீழே பேசுவார்கள். பிரெஸ்ஸிங்கை அவர்கள் அந்த ஊதா வேலைகளோடு சேர்ப்பதில்லை. புத்தகத்தில் புதிதாக எதுவும் சேர்க்கப்படவில்லை, எதுவும் வெட்டி எடுக்கப்படவுமில்லை, நன்றாகச் செய்ததை நம்பகமாகக் கண்டுபிடிக்கவும் முடியாது, ஆகவே அது மறுசீரமைப்பு ஆகாது என்பது நிலைப்பாடு. 2012-ல் பிரெஸ்ஸிங் செய்துவந்த ஒரு நிறுவனத்தை வாங்கி, சிசிஎஸ் என்ற பெயரில் கூடவே வைத்துக்கொண்டார்கள். இப்போது நீங்கள் புத்தகத்தை அங்கேயே பிரெஸ் பண்ணச் சொல்லி, அங்கிருந்தே கிரேடிங்குக்கு மாற்றிவிடலாம்.

இதில் எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. கண்டுபிடிக்க முடியாத ஒன்றை லேபலில் அச்சடித்தால், கண்டுபிடித்த சிலதில் மட்டும் அது இருக்கும், மற்றதெல்லாம் பிரெஸ் பண்ணாதது என்று மக்கள் நினைத்துக்கொள்வார்கள். அது இன்னும் பெரிய பிழையாகிவிடும். ஆனால் மச்சான் ஒரு இடத்தில் தவறுகிறார். லேபல் பேசாமல் இருப்பதை அவர் சான்றாக எடுத்துக்கொள்கிறார். அந்த நீல லேபலுக்கு "இது பிரெஸ் பண்ணாதது" என்று பொருள் இல்லை. "பண்ணினதா இல்லையா என்று நாங்கள் பார்க்கவில்லை" என்றுதான் பொருள். லேபல் சொல்ல முடியாத ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. இந்த உலகத்தில் அது தெரிந்தவர்கள் மூன்று பேர்: பிரெஸ் பண்ணியவர், மச்சான், நீங்கள். வாங்கப்போகிறவருக்கு இதைத் தெரிந்துகொள்ள வேறு எந்த வழியும் கிடையாது. கண்ணால் பார்த்தால் தெரிகிற பழுதை நீங்கள் சொல்ல மறந்தால்கூட அவர் படத்தில் பார்த்துக்கொள்வார். இதை எப்படிப் பார்ப்பார்?

"எல்லாரும்தான் பண்ணுகிறார்கள், எவரும் சொல்வதில்லை" என்பது அடுத்து வரும் பதில். ஓரளவு சரிதான். இன்று உயர்ந்த தரத்தில் ஸ்லாபில் இருக்கும் பழைய புத்தகங்களில் நிறையவே பிரெஸ் கண்டவை. பெரிய ஏலக் கூடங்களும் வழக்கமாக அதை விவரத்தில் எழுதுவதில்லை. அதற்காக இது ஒருவருக்கும் பொருட்டில்லாத விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்கச் சேகரிப்பாளர்களும் வியாபாரிகளும் சிலர் சேர்ந்து, புத்தகத்துக்கு என்ன செய்திருந்தாலும், பிரெஸ்ஸிங் உட்பட, தெரிந்ததைச் சொல்லியே விற்போம் என்று 2000களின் நடுவிலேயே ஒரு அமைப்பாகக் கூடினார்கள். வாதம் இன்னும் தீரவில்லை. தீராத வாதம் என்பதே, வாங்குகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு இது முக்கியம் என்று காட்டுகிறது. உங்களிடம் வாங்க வருகிறவர் எந்தப் பகுதி என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

இனி விலைக்கு வருவோம். மச்சானின் பயம் அங்கேதான் இருக்கிறது, மற்ற காரணங்களை விட இதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

இந்தச் சந்தையில் எண் சற்று ஏறினால் விலை நிறைய ஏறும். சூப்பர்மேன் முதலில் வந்த, 1938 ஜூனில் 10 சதத்துக்கு விற்ற ஆக்ஷன் காமிக்ஸ் முதல் இதழ், 9.0 தரப் பிரதி ஒன்று, 2014-ல் 32 இலட்சம் டொலருக்குப் போனது. நம் கையில் வருகிற சாதாரணப் புத்தகங்களிலும் 9.4-க்கும் 9.8-க்கும் இடையில் விலை பல மடங்கு வித்தியாசப்படும். அதனால் ஒரு தொழிலே உருவாகியிருக்கிறது. ஸ்லாபில் இருக்கும் 9.2 புத்தகத்தை வாங்குவார்கள். பிளாஸ்டிக் வழியாகவே சாய்த்துப் பார்த்து, மை உடையாத வளைவு இருக்கிறதா என்று தேடுவார்கள். இருந்தால் உறையை உடைத்து, பிரெஸ் பண்ணி, மறுபடி அனுப்புவார்கள். 9.6 வந்தால் லாபம். இப்படி வாங்குகிறவர் புத்தகத்துக்கு மட்டும் காசு கொடுக்கவில்லை. அதில் இன்னும் எவ்வளவு தரம் ஏற இடம் இருக்கிறது என்பதற்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்.

உங்கள் புத்தகத்தில் அந்த இடம் முடிந்துவிட்டது. எடுக்க முடிந்த வளைவை எல்லாம் எடுத்த பிறகு வந்த எண்தான் 6.5. ஸ்லாப் வழியாகப் பார்க்கிற ஒருவர் இதில் இன்னும் கொஞ்சம் ஏறும் என்று கணக்குப் போட்டு வாங்கினால், உடைக்கும் செலவு, பிரெஸ் செலவு, கிரேடிங் செலவு, இரண்டு பக்கத் தபால் செலவு எல்லாம் போய், கடைசியில் மறுபடி 6.5 வரும். உறை உடைத்த பிறகு கை தவறினால் 6.0 கூட வரும். பிரெஸ்ஸிங் புத்தகத்தைக் கெடுக்கிறதா இல்லையா என்று எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம். பிரெஸ் ஆகிவிட்டது என்பது விலையோடு சம்பந்தப்பட்ட தகவல் என்பதில் மட்டும் வாதத்துக்கு இடமில்லை. இதைப் பற்றிக் கவலையே படாத சேகரிப்பாளர் நீங்கள் சொன்ன பிறகும் அதே விலைக்கு வாங்குவார். என் அனுபவத்தில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான். கவலைப்படுகிறவர் விலகிப் போவார். அப்படிப்பட்டவரிடம் சொல்லாமல் விற்றுக் கூடுதலாக வாங்கும் அந்தத் தொகைதான் என்னை உறுத்துகிறது. அது அவருக்குத் தெரியாமல் இருந்ததற்காக வாங்கும் பணம். புத்தகத்துக்கான விலையாக அதை என்னால் எண்ண முடியவில்லை.

நம்ம ஊருக்கு இது புதிய பிரச்சினையும் இல்லை. பொகவந்தலாவையில், கெசல்கமுவ ஓயாப் பக்கம், மாணிக்கக்கல் பார்த்தவர்கள் உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். கெவுடா என்று ஒரு கல். பால் கலந்த மாதிரி மங்கலாக இருக்கும். ஒரு காலத்தில் அதை மதிக்க ஆளில்லை. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து அதைக் குறைந்த விலைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே 1,600 பாகைக்கு மேல் சூடு காட்டினால் அந்த மங்கல் கலைந்து நல்ல நீலம் வருகிறது என்பது இங்கே பிறகுதான் தெரிந்தது. இன்று சூடு காட்டிய நீலக்கல்லை எவரும் போலி என்று சொல்வதில்லை. அது உண்மையான கல்தான், கடைகளில் தாராளமாக விற்கிறது. ஆனால் சூடு காட்டாத கல்லுக்குத் தனி விலை உண்டு. அதனால் சான்றிதழில் வெப்பமூட்டிய அடையாளம் இருக்கிறதா இல்லையா என்று எழுதுகிறார்கள், நேர்மையான வியாபாரி கேட்பதற்கு முன்னால் சொல்கிறார். சூடு காட்டுவது குற்றமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, சொன்னால் போதும் என்று அந்தத் தொழில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. பிரெஸ்ஸிங்கும் எனக்கு அப்படித்தான் படுகிறது. ஒரே ஒரு வித்தியாசம்: கல்லில் சூட்டின் தடயத்தை நுண்ணோக்கியில் பல நேரம் பிடித்துவிடலாம், காகிதத்தில் பிடிக்க முடியாது. அதனால் நம்ம தொழிலில் விற்பவரின் வாய்ச்சொல்லுக்கு இன்னும் பாரம் கூட.

நான் ஒரு முறை சொல்லாமல் விற்றிருக்கிறேன். அது ஸ்லாபில் இருந்த புத்தகம் இல்லை. முத்து காமிக்ஸின் பழைய இரும்புக்கை மாயாவி கதை ஒன்று. எழுபதுகளில் இந்தியப் புத்தகங்கள் இங்கே வருவதற்கு இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்ததால், அந்தக் காலத்து முத்து காமிக்ஸ் மலையகத்தில் கிடைப்பது அபூர்வம். பதுளையில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், சின்ன வயதில் லயத்தில் எவரோ படிக்கக் கொடுத்துத் திருப்பி வாங்கிக்கொண்ட கதை அது என்று தேடிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த பிரதியில் அட்டையின் குறுக்கே நீளமாக ஒரு வளைவு, எவரோ நெடுநாள் சுருட்டி வைத்திருந்தது போல. நான் பிரெஸ் பண்ணினேன். கண்ணாடி மாதிரித் தட்டையாக வந்தது. நல்ல பிரதி என்று சொல்லி, நல்ல பிரதிக்கான விலைக்கே கொடுத்தேன். பிரெஸ் பண்ணினதைச் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

பதுளைக்கு வடகிழக்குப் பருவ மழைதான் பெரிய மழை. டிசம்பரில் ஒரு நாள் அவர் போன் பண்ணினார். "தம்பி, அட்டையில குறுக்கால ஒரு மடிப்பு தெரியுது. நான்தான் எங்கயோ பிழையா வச்சிட்டேனோ? அலுமாரியில படுக்க வச்சுத்தான் இருந்தேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. ஒரு நல்ல புத்தகத்தைத் தான் கெடுத்துவிட்டதாக நினைத்து, அதைச் சரிப்படுத்த வழி கேட்கத்தான் என்னை அழைத்திருந்தார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. பிரெஸ் பண்ணிய காகிதம் அதிக ஈரக்காற்றில் கிடந்தால் பழைய வளைவு திரும்பி வரும். காகித நாருக்கு அந்த ஞாபகம் போவதில்லை. நான் அந்தப் புத்தகத்தை ஆறவிட்ட நேரமும் போதாது. அவரிடம் அப்போதே உண்மையைச் சொன்னேன், பாதிப் பணத்தைத் திருப்பி அனுப்பினேன், புத்தகத்தையும் அவரே வைத்துக்கொண்டார். ஆனால் நான் சொல்லும் வரைக்கும் அந்த மனுசன் எத்தனை நாள் தன் கையை நொந்துகொண்டிருந்தார் என்பதை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். அன்றிலிருந்து, ஸ்லாபோ, வெறும் புத்தகமோ, நான் பிரெஸ் பண்ணினதை எழுதாமல் எதையும் விற்றதில்லை.

அந்தத் திரும்பி வரும் வளைவு ஸ்லாபுக்குள்ளும் வரலாம். பலருக்கு இது தெரியாது. சிஜிசி உறை காற்றுப் புகாத பெட்டி இல்லை. உள்ளே காகிதத்தின் அமில ஆவியை உறிஞ்சுவதற்கென்று மைக்ரோசேம்பர் தாள் வைப்பதுண்டு, ஆனால் ஈரம் மெல்ல உள்ளே போகும், வெளியே வரும். கனடாவில் வெயில் காலத்தில் பிரெஸ் பண்ணி அடைத்த புத்தகம் நுவரெலியாவில், கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில், மே மாதம் தொடங்கி மாதக்கணக்கில் மூடும் மூட்டத்துக்குள் இருந்தால் என்ன ஆகும்? எல்லாப் புத்தகமும் வளையாது. வளைந்தால், லேபலில் 9.6, உள்ளே 9.2 என்று ஆகிவிடும். வாங்குகிறவருக்கு பிரெஸ் பண்ணினது தெரிந்திருந்தால் அதற்கேற்ப வைத்திருப்பார்: சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டி, வெளிச் சுவரை ஒட்டாத அலுமாரி, செங்குத்தாக அடுக்கிய ஸ்லாப். தெரியாவிட்டால் அந்த ஆசிரியர் போலத் தன்னையே குறை சொல்லிக்கொள்வார், இல்லாவிட்டால் கிரேடிங் நிறுவனத்தைக் குறை சொல்வார்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரெஸ்ஸிங்கைச் சொல்லியே ஆக வேண்டும் என்று குறிப்பாக எந்தச் சட்டமும் நான் கண்டதில்லை. நம் நாட்டில் 1896-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும், 2003-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க நுகர்வோர் அதிகார சபைச் சட்டமும் இருக்கின்றன. பின்னது வியாபாரி வாங்குபவரைத் தவறாக எண்ணவைக்கும்படி நடப்பதைத் தடுக்கிறது. நீங்கள் விற்பது கனடாவில் இருந்து, அங்குள்ள விதி வேறு. எங்கே இருந்தாலும் ஒரு கோடு தெளிவானது: எவரும் கேட்காததால் சொல்லாமல் சும்மா இருப்பது ஒன்று, "பிரெஸ் பண்ணினதா?" என்று நேராகக் கேட்டவரிடம் இல்லை என்று சொல்வது இன்னொன்று. இரண்டாவது ஏமாற்று. அதில் எந்த ஊரிலும் இரண்டு கருத்து இல்லை. முதலாவதையும் செய்யாதீர்கள் என்பதுதான் நான் கேட்டுக்கொள்வது.

சரி, எப்படி எழுதுவது? நீட்டி முழக்க வேண்டாம். மன்னிப்புக் கேட்கிற தொனியும் வேண்டாம், பிரெஸ்ஸிங் ஒரு குற்றம் இல்லையே. உங்கள் புத்தகத்துக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "சிஜிசி 6.5, நீல லேபல். முதல் தடவையாகத் தரம் பார்க்கப்பட்டது. அதற்கு முன் மேல் அழுக்கு நீக்கி பிரெஸ் பண்ணப்பட்டது. வேறு எந்த வேலையும் செய்யப்படவில்லை. 1975 முதல் இலங்கை மலைநாட்டில் ஒரே குடும்பத்திடம் இருந்த பிரதி." அவ்வளவுதான். விலைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள், கீழே திருப்பி அனுப்பும் விதிகளுக்கு நடுவில் புதைக்காதீர்கள். அந்தக் கடைசி வரியைப் பாருங்கள், எத்தனை பேரால் அப்படி எழுத முடியும்? எங்கிருந்து வந்தது, எவர் கையில் இருந்தது என்று சொல்ல முடிகிற புத்தகத்துக்கு மதிப்புக் கூடுகிறது. பிரெஸ் பண்ணினதை நீங்களாகச் சொல்லியிருந்தால், தகரப் பெட்டிக் கதையையும் அவர் நம்புவார்.

வேறு கையில் இருந்து ஸ்லாபாகவே வாங்கிய புத்தகத்தை விற்கும்போது நிலைமை வேறு. அப்போது உங்களுக்குத் தெரியாது, அதையே எழுதுங்கள்: "நான் எதுவும் செய்யவில்லை, எனக்கு முன் செய்தார்களா என்று தெரியாது." பல பேர் இந்த இடத்தில் "பிரெஸ் பண்ணாதது" என்று போட்டுவிடுகிறார்கள். அச்சிட்ட நாளில் இருந்து உங்கள் வீட்டிலேயே இருந்த புத்தகத்துக்கு மட்டும்தான் அந்தச் சொல்லைப் போட உரிமை உண்டு. உறையை உடைத்து மறுபடி அனுப்பிய புத்தகமாக இருந்தால் பழைய எண்ணையும் சொல்லிவிடுங்கள். பழைய லேபலை சிஜிசிக்குத் திருப்பி அனுப்பினால், அவர்களுடைய கணக்கெடுப்பில் ஒரே புத்தகம் இரண்டாக நிற்பதைச் சரிசெய்வார்கள். பலர் சோம்பலில் அனுப்புவதில்லை. அதனால் 9.2-ல் இத்தனை பிரதி இருக்கிறது என்று கணக்கைப் பார்த்து முடிவெடுக்கும் எல்லாருக்கும் பிழையான எண் போகிறது.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றை மச்சானிடம் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் அனுப்பிய பழைய படத்தில், முதல் பக்கத்தின் மேல் மூலையில் பென்சிலால் ஒரு பிள்ளையின் பெயர் எழுதியிருப்பது தெரிகிறது. துரை வீட்டுப் பிள்ளையின் கையெழுத்தாக இருக்க வேண்டும். அந்தப் பெயர் இப்போதும் இருக்கிறதா? அழுக்கு நீக்கும்போது சிலர் பென்சிலையும் அழித்துவிடுவார்கள், தரம் கொஞ்சம் ஏறட்டும் என்று. அழித்திருந்தால் அதையும் விவரத்தில் எழுதிவிடுங்கள், அழிப்பதற்கு முன் எடுத்த படத்தையும் சேர்த்துப் போடுங்கள். ஸ்டேப்பிளில் துரு இருந்ததாகச் சொன்னீர்கள். சுரண்டி எடுத்தார்களா, ஸ்டேப்பிளையே மாற்றினார்களா என்றும் கேளுங்கள். மாற்றியிருந்தால் அது பிரெஸ்ஸிங்கோடு சேர்கிற சின்ன விஷயம் இல்லை. நீல லேபலில் அது எழுதப்படாமல் தப்பியிருந்தாலும் நீங்கள் சொல்லியாக வேண்டும்.

மிச்சம் இரண்டு இதழ்கள் இன்னும் உங்களிடம்தான் இருக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். அவற்றை அவசரப்பட்டு அனுப்ப வேண்டாம். ஒரு நாள் மழை விட்ட சாயங்காலம், அறையை இருட்டாக்கி, டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்து, முன் அட்டை, பின் அட்டை, முதுகு, நடுப்பக்க ஸ்டேப்பிள், பெயர் எழுதிய மூலை எல்லாவற்றையும் படம் எடுத்து, தேதி போட்டு வையுங்கள். பிரெஸ் பண்ணுவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு பேசுவோம். பண்ணினால் அந்தப் படங்களும் புத்தகத்தோடு வாங்குகிறவரிடம் போகட்டும்.